கிரீடம் வைத்த நண்டு

உலகத்தில் நீதி என்று ஒன்று உண்டென்றால் அது சமநிலைதான், மேடம். கடல் கரைக்குள் நிற்பது அதனால். தாமிரபரணி வற்றாமல் ஓடுவது அதனால். இந்தப் பேருண்மை எனக்கு விளங்கியது பாளையங்கோட்டையில், என் வீட்டு மாடி அறையில், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு நண்டுக்கு உயிர் கூட்டிக்கொண்டிருந்தபோது.

நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை. புகாரை வாசித்த உங்கள் ஸ்டேஷன் ரைட்டரும் சிரித்தார். "ஆத்து நண்டா சார், கடல் நண்டா?" என்று கேட்டார். கம்ப்யூட்டர் நண்டு என்றேன். எந்தப் பிரிவில் பதிவது என்று அவருக்குப் பிடிபடவில்லை. என் மனைவி ஜெமிமாவின் வலது கையை நான் கெடுத்துவிட்டேன் என்று என் கொழுந்தியாள் கரோலின் புகார் கொடுத்திருக்கிறாள். கெடுத்தேன் என்பது பெரிய வார்த்தை. அந்தக் கையை நான் தொடக்கூட இல்லை.

நான் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் வாத்தியார். ஓய்வு நேரத்தில் ஒரு விளையாட்டு செய்தேன். பெயர் பொருநைப் பயணம். கதாநாயகி புன்னக்காயலில், ஆறு கடலில் விழும் இடத்தில், வெறுங்கையோடு தொடங்குவாள். எதிரே ஒரு நண்டு. அதைக் கொன்றால் ஒரு படி ஏறுவாள், ஒரு பெட்டி திறக்கும், அதில் ஒரு ஆயுதம் இருக்கும். இப்படிப் படிப்படியாக ஆற்றை எதிர்த்து நடந்து, கொற்கை தாண்டி, மணிமுத்தாறு அருவிக்குப் போய்ச் சேர வேண்டும்.

மற்றவர்கள் செய்யும் விளையாட்டுகளில், வளர்ந்த வீரன் பழைய எதிரியை ஒரே அடியில் சாய்த்துவிடுவான். எனக்கு அது அநியாயமாகப் பட்டது. எதிரிக்கும் ஒரு மரியாதை வேண்டாமா? அதனால் ஆடுகிறவர் எவ்வளவு ஏறுகிறாரோ அவ்வளவு நண்டும் ஏறும்படி செய்தேன். புன்னக்காயலில் அது உள்ளங்கை அகலம். கொற்கையில் அதற்குப் பாண்டியன் கிரீடம் வைத்தேன். மணிமுத்தாற்றில் யானை உயரம். பெட்டியும் அப்படித்தான். முதலில் மூங்கில் கம்பு, பிறகு அரிவாள், பிறகு முத்துப் பதித்த வாள். அந்த வாள் கிரீட நண்டுக்கு என்ன காயம் செய்யுமோ, அதே காயத்தை மூங்கில் கம்பு குட்டி நண்டுக்குச் செய்யும். அதற்கு மேல் ஒரு துளி கிடையாது.

இதை முதலில் ஆடிப் பார்த்தவர் மேலப்பாளையத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் அசன் மைதீன். ஒரு வாரத்தில் கொற்கை வரை போய்விட்டு, வண்டியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"வாத்தியாரே, நான் வளர வளர நண்டும் வளந்தா, நான் எதுக்குவே வளரணும்? வாளக் குடுத்திட்டு நண்டோட ஓட்டத் தடிமனாக்கினா அது வாளாவே? அந்த மூங்கிக் கம்போடயே நான் புன்னக்காயல்ல கெடந்திருப்பேனே."

"இது தத்துவம், பாவா."

"தத்துவத்தத் தூக்கிக் குப்பையில போடும். ரெண்டு நாளா எனக்குக் கடையத் தொறக்கவே மனசு வரல. என்னத்தச் செஞ்சாலும் ஒண்ணுமே நடக்கலங்கிற மாதிரியே இருக்குவே."

அவர் நல்ல மனிதர். நண்டுகளைப் பழைய அளவிலேயே நிறுத்தி, அவருக்கு மட்டும் ஒன்று செய்து கொடுத்தேன். மறுநாளே மணிமுத்தாற்றுக்குப் போய்ச் சேர்ந்து, கடையில் எல்லாருக்கும் ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தாராம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இப்படி ஒரு விளையாட்டு மனிதரை என்ன செய்யும் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. கரோலின் புகாரில் இது இல்லை. அவளுக்குத் தெரியாது. நான் ஒளிக்க விரும்பவில்லை.

ஜெமிமா எங்கள் கோயிலில் ஆர்கன் வாசிப்பவள். கல்யாண வீட்டில் யாராவது என்னை அறிமுகப்படுத்தினால், "வேதநாயகமா? யாரு? அட, ஆர்கன் ஜெமிமா வீட்டுக்காரரா!" என்பார்கள். நான் எம்.டெக். அதைப் பற்றி ஒன்றுமில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

போன வருஷம் தவக்காலத்தில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம். கால் பைய வந்துவிட்டது, கைதான் நின்றுபோனது. அன்றிலிருந்து நான் சோறு பிசைந்து ஊட்டினேன், தலை பின்னினேன், கோயிலுக்குக் கைபிடித்துக் கூட்டிப்போனேன். சனங்கள் வழிவிட்டார்கள். பெண்கள் தங்கள் புருஷர்களை முழங்கையால் இடித்து என்னைக் காட்டினார்கள். பிரசங்கத்தில் எங்கள் போதகர் ஐயர் என் பெயரைச் சொன்னார். ஆர்கன் ஜெமிமா வீட்டுக்காரர் என்றல்ல. வேதநாயகம் என்று.

பிசியோதெரபி கொடுக்க வந்த தஸ்மியா, பந்தைக் கைக்குள் வைத்து அழுத்திப் பிடித்துப் பழகச் சொன்னாள். வெறும் பந்து ஜெமிமாவுக்குச் சலித்துப்போனது. நான் அழுத்தத்தை அளக்கும் ரப்பர் பந்து ஒன்றை வாங்கி விளையாட்டோடு இணைத்தேன். அவள் பிடிக்கும் பிடிதான் நண்டுக்கு அடி. கண்ணீர் விட்டாள். எனக்காக இவ்வளவு யோசிச்சிருக்கீங்களே என்றாள். ஐயர் இதையும் பிரசங்கத்தில் சொன்னார்.

அசன் மைதீனுக்குச் செய்து கொடுத்த நண்டு என்னிடம் தயாராக இருந்தது. அதைப் போடவில்லை. கூடவே வளரும் பழையதைத்தான் போட்டேன். அப்போது அதற்கு ஒரு காரணம் இருந்தது, சுலபமாக ஜெயித்தால் முயற்சி குறையும் என்று. நல்ல காரணம். இப்போதும் அது நல்ல காரணமாகத்தான் தெரிகிறது.

ஒரு நாள் குளியலறையில் இருந்தேன். கூடத்துக் கீபோர்டில் நாலு சுரம் கேட்டது. இடது கை வாசிப்பு எனக்குத் தெரியும். இது வலது. தட்டுத் தடுமாறி, ஆனால் சரியாக. தஸ்மியா அங்கேதான் இருந்தாள். "அக்கா, கை நல்லா வருதுக்கா, இதே மாதிரி பிடிச்சீங்கன்னா அசனத்துக்கு நீங்களே வாசிக்கலாம்" என்றாள். அசனம் வருஷத்துக்கு ஒருமுறை. சபை முழுக்கக் கோயில் வளாகத்தில் பந்தி போட்டுச் சாப்பிடும் பண்டிகை. அன்றைய ஆராதனையில் ஆர்கன் கேட்கத்தான் வெளியூர்க்காரர்களும் வருவார்கள்.

நான் துவட்டிக்கொண்டு நேராக மாடிக்குப் போனேன். அதுவரை ஜெமிமாவின் பிடி எவ்வளவோ நண்டும் அவ்வளவு. அன்றைக்கு நண்டுக்கு ஒரு பிடி அதிகம் வைத்தேன். ஒரே ஒரு பிடிதான், மேடம். மறுவாரம் தஸ்மியாவிடம், இனி வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறோம் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினேன்.

ஜெமிமா காலையில் பந்தை எடுத்தால் சோற்றுக்குத்தான் வைப்பாள். விரல் நுனி வெளுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு பிடிப்பாள். கிரீட நண்டு அசையாது.

"என்னங்க, நான் எங்கன நிக்கேன்?"

"கொற்கையில."

"அது தெரியுது. கை எங்கன நிக்கி?"

"நண்டப் பாரு. அதுதான் கணக்கு."

"நேத்து ஊறுகா பாட்டில் மூடியத் தொறந்தேனே."

"மூடி லூசா இருந்திருக்கும். இது விஞ்ஞானம், ஜெமி. பொய் சொல்லாது."

அதற்குப் பிறகு அவள் மூடிகளைத் திறந்து பார்க்கவில்லை. கீபோர்டுக்கு உறை போட்டாள். ஒரு ராத்திரி ஜெபத்தில், ஆண்டவரே நான் எவ்வளவு பிடிச்சாலும் எனக்கு ஏன் எதுவும் பிடிபட மாட்டேங்கு என்று அழுதாள். பக்கத்தில் முழங்கால் போட்டு நானும் ஆமென் சொன்னேன். அசனத்துக்கு முந்தின வாரம், இனி வாசிக்க முடியாது என்று ஐயரிடம் சொல்லிவிட்டாள். பந்தையும் தொடவில்லை. கையை மடியில் போட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அசனத்தன்று எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

அரையாண்டு விடுமுறைக்கு நாகர்கோவிலிலிருந்து கரோலின் வந்தாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், மாநில அளவில் குண்டு எறிந்தவள். அரிசி மூட்டையை ஒற்றைக் கையால் நகர்த்துவாள். சும்மா கிடந்த பந்தை எடுத்து விளையாட்டைப் புதிதாகத் தொடங்கினாள்.

"அத்தான், இதென்ன நண்டு, சாவ மாட்டேங்கு?"

"பழகினா வரும்."

"என்னத்தப் பழக? குண்டு எறியுத கை அத்தான் இது. நான் பிடிச்ச பிடிக்கு நெசமான நண்டுன்னா கொழம்பாகியிருக்கும்."

அவள் அத்தோடு விட்டிருக்கலாம். மறுபடி முதலிலிருந்து தொடங்கி, இந்தத் தடவை இரண்டு விரலால் பூப்போலப் பிடித்தாள். நண்டும் நோஞ்சானாக வந்தது. அதுவும் சாகவில்லை. திரும்ப அழுத்திப் பிடித்தாள். நண்டு தடித்தது. அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"அத்தான். இது நம்ம கையப் பாத்துப் பாத்தா வளருது?"

வாசற்படியில் ஜெமிமா நின்றிருந்தாள். அவள் சத்தம் போடவில்லை.

"என்னங்க, கொற்கை நண்டு மொத நாள் வந்த அளவுலயே மாறாம இருந்திருந்தா, அத நான் எப்பக் கொன்னிருப்பேன்?"

நான் வாத்தியார். நேரடியாகக் கேள்வி கேட்டால் தெரிந்த பதிலைச் சொல்லிப் பழகியவன்.

"ஜூலையில," என்றேன். "ஒரே பிடியில."

அந்த முதல் நண்டைப் போடச் சொன்னாள். போட்டேன். உள்ளங்கை அகலம், கிரீடம் இல்லை. பந்தைக் கையில் வாங்கினாள். விரல்கள் மடங்கவில்லை. மாதக்கணக்காக மடியில் கிடந்த கை. பந்து உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. நான்தான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கை நன்றாக வந்துகொண்டிருந்த சமயத்தில் பயிற்சியை விட்டுவிட்டீர்கள், விரல் இறுகிவிட்டது, இனி கரண்டி பிடிக்கலாம், ஆர்கன் வாசிப்பது கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். கரோலின் அவளை நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போய்விட்டாள். போகும்போது ஜெமிமா என்னைப் பார்த்து, "உங்களுக்கு என்னங்க வேணும்னு கேட்டிருந்தா குடுத்திருப்பேனே" என்றாள். அது எனக்கு விளங்கவில்லை. நான் அவளிடம் எதையும் கேட்டதே இல்லை.

ஆம், தெரிந்துதான் செய்தேன். அவளுடைய ஒவ்வொரு பிடியையும் அளந்து, அதற்கு ஒரு பிடி மேலே வைத்தேன். அவள் கை நின்றுபோகும் வரைக்கும் வைத்தேன். ஆனால் அவளை ஒரு நாளும் நான் பட்டினி போடவில்லை, கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. அவள் மேல் எனக்கு இருந்தது அன்புதான். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

தெருவில், அவளுக்கு இரண்டாம் முறை பக்கவாதம் வந்துவிட்டது, பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கையாய் இருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதனால் முறைபோட்டு எனக்குச் சாப்பாடு கொடுத்து விடுகிறார்கள். இன்றைக்கு மத்தியானம் தேங்காய்ப்பால் சொதி வந்தது. இஞ்சித் துவையலும் வைத்திருந்தார்கள்.