பச்சை எரிந்தால் பார்க்கிறார் என்று அர்த்தம்

கேமராவை எங்கே மாட்டலாம் என்று கேட்டால் எல்லோரும் முதலில் வாசலைத்தான் காட்டுவார்கள். எனக்குச் சிரிப்பு வரும். வாசலுக்கு வருகிறவர்களைப் பார்க்க ஆசைப்பட்டு யாரும் கேமரா வாங்குவதில்லை. உள்ளே இருப்பவர்களைப் பார்க்கத்தான் வாங்குகிறார்கள். அதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சம், அவ்வளவுதான். நான் ஏணியை விரித்துக்கொண்டே, "உள்ளயும் ஒண்ணு போட்டுக்கலாமா சார்?" என்று பட்டும்படாமல் கேட்பேன். "சரி, நீங்க சொல்றதால போடுங்க" என்பார்கள். பழியை என் தலையில் போட்டுவிட்டால் அவர்களுக்கு நிம்மதி.

ஆரம்பத்திலிருந்து எழுதித் தரச் சொன்னீர்கள் சார். அதனால்தான் இங்கிருந்து தொடங்குகிறேன். என் தொழில் தெரியாமல் நான் செய்ததை மட்டும் படித்தால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

நான் வேலையில் சுத்தம். ஒயரைச் சுவரில் தொங்கவிட மாட்டேன். துளை போட்ட தூளை நானே கூட்டி அள்ளிவிட்டுத்தான் கிளம்புவேன். ஒரு சலவைக்கடைக்காரர் வீட்டில் படுத்துக்கொண்டே போனில் கடையைப் பார்ப்பார். இஸ்திரி போடுகிறவர் கொட்டாவி விட்டால், கேமராவில் இருக்கும் ஸ்பீக்கர் வழியாக "வாய மூடு, ஈ போயிடப்போகுது" என்று கத்துவார். ஒரு மருந்துக்கடையம்மா, கல்லாவில் உட்காரும் தன் கணவரையே பார்த்துக்கொண்டிருப்பார். இவர்கள் எல்லோருடைய பாஸ்வேர்டும் என்னிடம் உண்டு. திருடியதல்ல. மறந்துபோய் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்பதால் வைத்துக்கொண்டேன். கடையில் ஒரு பழைய போனைச் சார்ஜரில் மாட்டி வைத்திருக்கிறேன். படம் சரியாக வருகிறதா என்று அதில்தான் பார்ப்பேன். குளியலறை, படுக்கையறைப் பக்கம் கேமரா மாட்ட எவ்வளவு சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். எனக்கென்று சில கொள்கைகள் இருக்கின்றன.

அந்தப் பஸ் கண்டக்டர் வீட்டு வேலை அவருடைய மகன் மூலம் வந்தது. மகன் கடல் தாண்டி எங்கோ வேலை பார்க்கிறார். அம்மா இறந்தபிறகு அப்பா தனியாக இருக்கிறார், கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறார், அதனால் ஒரு கண் வைத்துக்கொள்ள வேண்டும் என்று போனில் சொன்னார். நான் போய்க் கதவைத் தட்டியதும் கண்டக்டர் திறந்து, "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்றார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருடமாகியும் வாய் ஓயவில்லை. சட்டைப் பையில் அந்தப் பழைய விசில் வேறு.

ஹாலில் ஒரு கேமரா, வெளிச்சுவரில் தெருவைப் பார்த்து ஒன்று. ஹாலில் மாட்டிய கேமராவில் ஒரு பொட்டு விளக்கு உண்டு. சும்மா இருக்கும்போது சிவப்பாக இருக்கும். யாராவது போனில் திறந்து பார்த்தால் பச்சையாகும். பலரும் அதை அணைத்துவிடச் சொல்வார்கள். பார்க்கிறோம் என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியக் கூடாதல்லவா. இவரிடம் கேட்டேன்.

"சிவப்பு எரிஞ்சா என்ன தம்பி?"

"யாரும் பாக்கலைன்னு அர்த்தம்."

"பச்சை எரிஞ்சா?"

"உங்க பையன் பாக்குறார்னு அர்த்தம்."

"அட, நம்ம சிக்னல்தான். அப்படியே இருக்கட்டும், அணைக்காதீங்க" என்றார்.

உங்கள் பையன் என்று ஏன் சொன்னேன்? யாரோ ஒருவர் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். எல்லாம் அந்த ஒரு சொல்லிலிருந்து வந்தது. ஆனால் அன்றைக்கு அது பொய் இல்லை சார்.

மகன் கொஞ்ச நாள் ஆர்வமாகப் பார்த்தார். பிறகு கொசு பறந்தால்கூடப் போன் மணி அடிக்கிறது, வேலை செய்ய முடியவில்லை, நிறுத்துங்கள் என்றார். அவருக்கு வருகிற மணியை நிறுத்தி எனக்கு வரும்படி மாற்றிவைத்தேன். வாடிக்கையாளருக்குத் தொந்தரவு இல்லாமல் பார்த்துக்கொள்வது என் கடமை. அதன்பின் அவர் திறந்து பார்த்ததே இல்லை எனலாம். பார்த்தது நான்.

முதன்முதலில் நான் திறந்தபோது கண்டக்டர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கிப் பச்சையைப் பார்த்தார். பையிலிருந்து விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினார். இரண்டு விசில் என்றால் வண்டி போகலாம், ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, "வா ராசா, சாப்டியா?" என்றார்.

எங்கள் வீட்டில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. டேய் என்பதுதான் என் பெயர். நேரில் போனால் கண்டக்டருக்கு நான் தம்பி. விளக்கு வழியாகப் போனால் ராசா. எது இனிக்கும் என்று நீங்களே சொல்லுங்கள். தினமும் திறந்தேன். முட்டிவலி, எதிர்வீட்டு நர்சம்மா கொடுத்த எலுமிச்சங்கன்று, அந்தக் காலத்தில் டிக்கெட் எடுக்காமல் ஏய்த்தவர்களின் கதை எல்லாம் என்னிடம் சொன்னார். ஸ்பீக்கரை நான் தொடவே இல்லை. "ஆபீஸ்ல இருக்க, பேச முடியாது. தெரியும் ராசா. நான் பேசுறேன், நீ கேளு" என்று அவரே வழி செய்துகொடுத்தார்.

மகன் எப்போதாவது போன் பண்ணும்போது, "நேத்து ரொம்ப நேரம் பாத்தியேப்பா" என்பார் கண்டக்டர். மகன் பதில் சொன்னதும் இவர் முகம் மலர்வதை நான் பார்த்திருக்கிறேன். மகன் ஆமாம் என்று சொல்லியிருக்கிறார். பார்க்கவில்லை என்று சொல்லக் கூசியிருக்கும். அந்தப் பொய்யில் எனக்குப் பங்கில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நேரிலும் போவேன். கேமரா முன்னால் சிலந்தி வலை கட்டிவிடும், துடைக்க வேண்டும். "நீங்க ஸ்டூல் மேல ஏறாதீங்க, நான் வந்து துடைக்கிறேன்" என்று சொல்லிவைத்திருந்தேன். தேவையில்லாத நாளிலும் போனேன். ராசாவிடம் பேசிய மனிதரைப் பக்கத்தில் பார்க்கலாமே என்றுதான். தண்ணீர் கொடுப்பார், அவ்வளவுதான். பேச்சு குறைவு.

ஒருநாள் கடையில் உட்கார்ந்தபடி திறந்தேன். விசில் ஊதவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து கேமராவுக்கு நேராக நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ராசா, இந்தக் கேமரா மாட்டுன பையன் இருக்கானே, அடிக்கடி சும்மாவே வர்றான். வேலை சுத்தம்தான், ஆளு சரியில்ல. டிக்கெட் எடுக்காதவன் மூஞ்சி எனக்குத் தெரியாதா? அடுத்தவன் சீட்ல உக்காந்துக்கிட்டு ஜன்னல் வழியா வேடிக்கை பாக்குற மூஞ்சி அது. அந்தப் பாஸ்வேர்ட மொதல்ல மாத்திடு. அவன இனிமே வீட்டுக்குள்ள விடமாட்டேன்."

நான் கோபப்படவில்லை. என்னைப் பற்றி என்னிடமே கோள் சொல்கிறார். ஒரு வருடம் அவர் பேசியதையெல்லாம் உட்கார்ந்து கேட்டவன் நான். பெற்ற பிள்ளை கேட்டானா? ஆனாலும் அவர் சொன்னதைத் தட்டவில்லை. பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றினேன். புதியது எனக்கு மட்டும்தான் தெரியும். மாற்றச் சொன்னது அவர்தான் சார்.

வலை துடைக்கவும் நான் போகவில்லை. வரவேண்டாம் என்றவர் வீட்டுக்கு எப்படிப் போவது?

அடுத்த வாரம் ஒரு காலைப்பொழுதில் கடையில் இருந்த போன் மணி அடித்தது. கண்டக்டர் வீட்டு ஹாலில் ஏதோ சத்தம் என்று காட்டியது. முதலில் பதிவைப் பார்த்தேன். பதிவைப் பார்த்தால் விளக்கு மாறாது. ஸ்டூலைக் கேமராவுக்கு அடியில் போட்டு, கையில் துணியோடு ஏறியிருக்கிறார். அவருடைய முகம் படம் முழுக்க நிறைந்தது. வலையைத் துடைத்து, கேமராவின் கண்ணாடியில் வாயால் ஊதி, அதையும் ஒருமுறை பளிச்சென்று துடைத்தார். "இப்ப நல்லாத் தெரியும்ல" என்றார், யாரும் பார்க்காதபோதே. பிறகு படத்தில் ஆள் இல்லை.

தெருக் கேமராவைத் திறந்தேன். வீட்டுக்குள்ளிருந்து விசில் சத்தம் கேட்டது. ஒற்றை விசில். விட்டுவிட்டு, நீளமாக. நிறுத்துங்கள் என்கிற விசில். எதிர்வீட்டு நர்சம்மா கூடையோடு வந்துகொண்டிருந்தவர் நின்றுவிட்டார். தலையைச் சாய்த்துக் கேட்டார். கண்டக்டர் வீட்டுக் கேட்டை நோக்கி வந்தார்.

அப்போதுதான் நான் ஹால் கேமராவைத் திறந்தேன். பழக்கம் என்றுதான் முதலில் உங்களிடம் சொன்னேன். பழக்கம்தான், பாதி.

தரையில் கிடந்தார். ஒரு கால் இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. வாயில் விசில். உள்ளறையில் போன் இருக்கிறது, அதை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்திருந்தார். பச்சையைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். "வந்துட்டியா ராசா" என்றார். மூச்சை இழுத்து, "பயப்படாதே, விழுந்துட்டேன், அவ்வளவுதான். யாரையாச்சும் அனுப்பு" என்றார். பிறகு பிள்ளை இந்தக் கோலத்தில் பார்க்க வேண்டாம் என்று, கலைந்த தலைமுடியைக் கையால் படியவைத்துக்கொண்டார்.

தெருவில் நர்சம்மா கேட்டில் கைவைத்தபடி கொஞ்சம் காத்திருந்தார். சத்தம் இல்லை. கூடையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு அவருடைய வீட்டுக்குள் போய்விட்டார்.

எனக்கு அப்போதுதான் அது புரிந்தது. மூடிப் பார்த்தேன். விளக்கு சிவப்பானதும் உள்ளே விசில் தொடங்கியது. திறந்தேன், நின்றது. எந்த வேலையையும் இரண்டாவது முறை சோதித்துப் பார்க்காமல் நான் விடுவதில்லை. இன்னொரு முறை மூடித் திறந்தேன். சரியாக வேலை செய்தது. போனைச் சார்ஜரில் நன்றாக அழுத்திச் செருகி, திரை அணையாதபடி வைத்துவிட்டு, வந்த வாடிக்கையாளரைக் கவனித்தேன்.

ஸ்பீக்கரில் ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே என்று கேட்டீர்கள். பேசியிருந்தால் என் குரல் தெரிந்திருக்கும். மறுபடியும் தம்பியாகியிருப்பேன். அதுவும் எப்படிப்பட்ட தம்பி என்று அவரே சொல்லியாகிவிட்டதே.

மறுநாள் மகன் என்னைக் கூப்பிட்டார். "அப்பா போன் எடுக்கல, கேமராவும் தொறக்க மாட்டேங்குது, பாஸ்வேர்ட் தப்புன்னு வருது. கொஞ்சம் போய்ப் பாக்குறீங்களா?" என்றார். பதறிய குரல். "தெரு முழுக்க நெட் கோளாறு சார். அப்பா நல்லா இருக்கார், இப்பத்தான் கடைப்பக்கம் பாத்தேன். போன வீட்ல வச்சிட்டு வந்துட்டாராம்" என்றேன். "தேங்க்ஸ்ங்க, உயிரே வந்துச்சு" என்றார். பேசிக்கொண்டிருக்கும்போது எதிரே திரையில் கண்டக்டரின் உதடு அசைந்துகொண்டிருந்தது. சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தேன்.

பிறகு கூட்டிக் கேட்டேன். தண்ணீர் கேட்பதை நிறுத்திவிட்டார். கேமராவைப் பார்த்துக் கணக்குத் தீர்ப்பதுபோல் பேசிக்கொண்டிருந்தார். "கோவமா ராசா? பாத்துக்கிட்டே இருக்கியே, யாரையும் அனுப்பலையே. சின்ன வயசுல உன்ன பஸ்ஸுல எல்லார் முன்னாடியும் அடிச்சேனே, அதுக்கா? அதுக்குன்னா சொல்லிடு. தப்புதான் ராசா." கொஞ்ச நேரம் கழித்து, "சரி, பாக்குறியே, அது போதும்" என்றார்.

அடித்தது என்னை இல்லை. இருந்தாலும் மன்னித்துவிட்டேன்.

சாவதற்குச் சற்று முன் விசிலை எடுத்து உதட்டில் வைத்தார். காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை. இரண்டு முறை என்று கன்னம் அசைந்ததிலிருந்து தெரிந்தது. வண்டி போகலாம் என்கிறார், நீ வேலையைப் பார் ராசா என்கிறார். நான் போகவில்லை.

எல்லாம் முடிந்து மகன் வந்தார். கேமராவில் பதிவு இருந்தால் கொடுங்கள், அப்பா கஷ்டப்பட்டாரா என்று தெரியவேண்டும் என்றார். ஒரு பொத்தானில் அழித்திருக்கலாம். நான் அழிக்கவில்லை. வாடிக்கையாளரின் பதிவு வாடிக்கையாளருக்குச் சொந்தம். முழுவதையும், சத்தத்தோடு, தெளிவாக எடுத்துக் கொடுத்தேன். என் கடையிலேயே உட்கார்ந்து பார்த்தார். தலைமுடியைப் படியவைத்துக்கொண்ட இடத்தில் திரையைக் கிட்டே இழுத்துக்கொண்டார். அடித்ததற்கு மன்னிப்புக் கேட்ட இடத்தில், "நான் பாக்கலையேப்பா, நான் பாக்கவே இல்லையே" என்று திரையைப் பிடித்துக்கொண்டு கத்தினார். ஒரு வருடம் பார்த்ததாகச் சொன்னவர், உண்மையைச் சொன்னது அன்றைக்குத்தான். கேட்க ஆள் இல்லை. அதற்குப் பிறகுதான் தலையைத் தூக்கி, "அப்ப யாரு பாத்தது?" என்று என்னைக் கேட்டார்.

நான் மறைக்கவில்லை. உங்களிடமும் மறைக்கவில்லை. நர்சம்மாவைத் திருப்பி அனுப்பியது நான், மகனை ஏமாற்றியது நான், கண்டக்டரைக் கொன்றது நான். விளக்கை வைத்தே கொன்றேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு திருத்தம் மட்டும் செய்யுங்கள் சார். உங்கள் அறிக்கையில் அவர் துணைக்கு யாருமில்லாமல் தனியாகக் கிடந்து இறந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். பதிவை நன்றாகப் பாருங்கள். தரையில், அவர் கைக்குப் பக்கத்தில், பச்சை வெளிச்சம் கடைசிவரை விழுந்துகொண்டுதான் இருக்கிறது. அவருடைய ராசா எங்கேயும் போகவில்லை.