உள்தாழ்ப்பாள்

இடுப்பில் யாரோ கடப்பாரையைச் சொருகித் திருகுவது மாதிரி வலி. மணி ஒன்றே கால். குடோன் சாலையில் ஒரு நாய்கூட இல்லை... அந்த மனிதர் முதுகில் ஒரு மரப்பெட்டியைச் சுமந்துகொண்டு தனியாக நடந்து வருகிறார்.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். லாரி வர ஒரு மணி நேரம் ஆகும். கரண்ட் எப்போது வரும் என்று கடவுளுக்கே தெரியாது. நம் தராசுக்காரருடைய அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது இது. தராசுக்காரர் எதற்கும் கண் கலங்காத ஆள். இதைச் சொல்லும்போது மட்டும் ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு, எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். எந்த இடம் என்று பிறகு தெரியும்.

அந்த மனிதரும் நம்மைப் போல மூட்டை தூக்குகிறவர்தான். இருபத்தாறு வருஷம். ஆனால் எல்லோருக்கும் அவர் பெட்டிக்காரர். பழைய பெட்டி என்றால் உயிரை விடுவார். வீடு இடிக்கிற இடம், பழைய இரும்புக் கடை, ஏலம் என்று எங்கே பெட்டி கிடந்தாலும் அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும். கொண்டுவந்து, துரு தேய்த்து, கீல் மாற்றி, மெழுகு போட்டு, புதுப் பெண் மாதிரி நிறுத்திவிடுவார். அவர் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று. அதில் ஏற்கெனவே பதினோரு பெட்டி.

இன்னொரு விஷயமும் சொல்லவேண்டும். மூட்டை ஐம்பது கிலோவா, நாற்பத்தெட்டா என்று தராசு காட்டுவதற்கு முன்பே அவர் முதுகு சொல்லிவிடும். மச்சானான தராசுக்காரரும் அவரும் இதே குடோனில் பந்தயம் கட்டுவார்கள். பெரும்பாலும் தராசுதான் தோற்கும்.

அன்றைக்கு ரெண்டாம் ஷிஃப்ட் முடிந்ததும், ஒரு பழைய வீட்டை இடிக்கிற இடத்துக்குப் போனார். அங்கே காவலுக்கு இருந்தவர் மாடிப்படிக்குக் கீழே கிடந்த பெட்டியைக் காலால் தள்ளிவிட்டார்.

"தூக்கிட்டுப் போய்யா. இதுக்கு முன்னாடி மூணு பேரு தூக்கிட்டுப் போனான். மூணு பேரும் திருப்பிக் கொண்டாந்து போட்டுட்டான்."

"ஏன்?"

"கனமா இருக்காம்."

பெட்டிக்காரருக்குச் சிரிப்பு வந்தது. மூடியைத் திறந்து பார்த்தார். காலி. இரும்புப் பட்டை அடித்த பெட்டி, நல்ல மரம். கண்ணால் பார்த்தே இருபத்திரண்டு கிலோ என்று முடிவு கட்டினார். குனிந்து முதுகில் ஏற்றினார்.

நாற்பது.

முதுகு பொய் சொல்லாது. ஆனால் வயதாகிவிட்டது, இடுப்பு போய்விட்டது, அதனால் தப்பாகச் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டார். நடந்தார்.

பாதி வழியில் ஒரு சத்தம். டிங்... ரெண்டு அடி நடந்தால் ஒரு டிங்... இரும்பு எதிலோ இடிக்கிற மாதிரி. பெட்டியின் கொண்டி ஆடுகிறது என்று ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவினார்.

அந்தப் பெட்டியில் வெளியே கொண்டியே கிடையாது.

நின்றார். சத்தமும் நின்றது. திரும்பிப் பார்த்தார். சாலை, மஞ்சள் விளக்கு, மூடிய ஷட்டர்கள். வேறொன்றும் இல்லை. நனைந்த தோல் வாடை மட்டும் லேசாக... அன்றைக்கு மழையும் இல்லை.

வீட்டில் அவர் சம்சாரம் விழித்துத்தான் இருந்தார். கோழிக்குஞ்சு பொரிக்கிற பண்ணையில் பேக்கிங் வேலை. விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பவேண்டும். பெட்டியைப் பார்த்ததும் வாசலில் குறுக்கே நின்றுகொண்டார்.

"நிமிந்து நிக்க முடியல, பெட்டி ஒரு கேடு. பன்னெண்டாவதா? இன்னும் ஒண்ணு வந்துச்சுன்னா நானே அதுல ஏறிப் படுத்துக்கறேன். மூடியைப் போட்டு ஆணி அடிச்சிருங்க."

"இதுதான் கடைசி. இது நல்லா வந்துச்சுன்னா மூட்டை தூக்க வேணாம்."

அது உண்மைதான். இந்த மாசக் கடைசியோடு அவரை நிறுத்தப்போவதாக மேஸ்திரி சொல்லிவிட்டார். "ஒடிஞ்ச வண்டிய வச்சு நான் என்னய்யா பண்றது" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். பழம்பொருள் கடைக்காரர் ஒருவர் மட்டும், இவர் கைவேலையைப் பார்த்துவிட்டு, சனிக்கிழமைக்குள் ஒரே ஒரு பெட்டியைக் குறையில்லாமல் செய்து காட்டு, என் பட்டறையில் ஒரு ஸ்டூல் போடுகிறேன் என்றிருந்தார். உட்கார்ந்து செய்கிற வேலை. இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாக உட்கார்ந்து செய்கிற வேலை. அந்த ஸ்டூலுக்காக அவர் எதையும் செய்திருப்பார்.

மறுநாள் வேலையை ஆரம்பித்தார். பெட்டியின் உள்ளே ஒட்டியிருந்த காகிதத்தைச் சுரண்டினார். காய்ந்த மூத்திரத் துணி வாடை அடித்தது. எலியாக இருக்கும் என்று விட்டுவிட்டார். காகிதத்துக்கு அடியில் ரெண்டு விஷயம் கண்ணில் பட்டது.

ஒன்று, பின்பலகையில் மேலோரமாக ஐந்து துளை. விரல் நுழையும் அளவு. விளிம்பெல்லாம் நன்றாக இழைத்து, சிராய் குத்தாமல்.

ரெண்டாவது, ஒரு தாழ்ப்பாள். பெட்டிக்கு உள்ளே.

கையால் அடித்த கனமான இரும்பு. நாலு திருகாணி. அவற்றின் நுனி வெளியே தெரியாதபடி அரத்தால் ராவியிருந்தது. தாழ்ப்பாளின் குமிழ் மட்டும் தேய்ந்து பளபளவென்று இருந்தது. எவனோ குடிபோதையில் உள்ளே மாட்டவேண்டியதையும் வெளியே மாட்டவேண்டியதையும் மாற்றிவிட்டான் என்று நினைத்து, அவர் தனியாகச் சிரித்தார்.

அந்தச் சமயம் பார்த்துக் கடைக்காரர் வந்தார். மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டே குனிந்து பார்த்தார்.

"என்னய்யா இது கண்றாவி. பெட்டிக்குள்ள எவனாவது தாழ்ப்பாள் வைப்பானா? பிடுங்கிப் போடு. ஓட்டையை எல்லாம் அடை. வெளியில பித்தளைப் பூட்டு ஒண்ணு வை. சனிக்கிழமை வருவேன், இதே மாதிரி இருந்துச்சுன்னா நீ மூட்டைக்கே போயிரு."

பெட்டி வேலை செய்கிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பழைய பெட்டியிலிருந்து கழற்றியது எதுவானாலும், துருப்பிடித்த ஆணியே ஆனாலும், எறியக்கூடாது. பெட்டிக்காரர் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு தகர டப்பா வைத்திருந்தார். பதினோரு பெட்டிக்குப் பதினோரு டப்பா. ஆனால் இந்தத் தாழ்ப்பாளைப் பிறகு எவனோ செய்த கோளாறு, பெட்டியோடு பிறந்தது இல்லை என்று கணக்குப் போட்டார். திருப்புளியை வைத்துத் திருகினார். நாலு திருகாணியும் முனகிக்கொண்டே வந்தன. அன்றைக்கே பழைய இரும்பு எடுக்கிறவர் வண்டியில் தூக்கிப் போட்டார். துளைகளில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். தடவினால் விரலுக்கே தெரியாது. வெளியே பித்தளைப் பூட்டும் வைத்தார்.

காலையில் கொட்டகையைத் திறந்தார். பெட்டிக்குப் பின்னால், தரையில், ஐந்து சின்ன மர உருண்டைகள் வரிசையாகக் கிடந்தன.

உள்ளேயிருந்து தள்ளிவிட்ட மாதிரி.

பசை சரியில்லை என்று திட்டிக்கொண்டே மறுபடி அடைத்தார். மறுநாளும் ஐந்து. அதற்கு மறுநாளும் ஐந்து. மூன்றாம் நாள் உருண்டைகளின் முனையில் சின்னச் சின்ன அடையாளம்... நகத்தால் சுரண்டியது போல.

ராத்திரியில் அந்தச் சத்தம் வேறு. முதல் நாள் தெருமுனையில். டிங்... அடுத்த நாள் பக்கத்து வீட்டுச் சுவரோரம். டிங்... மூன்றாம் நாள் இவர்கள் வாசலில். ஒரு ஆள் அவசரமில்லாமல் நடக்கிறான். அவன் கையில் ஏதோ தொங்குகிறது. அதன் நுனியிலிருக்கும் இரும்பு சுவரில் இடித்துக்கொண்டே வருகிறது. பெட்டிக்காரருக்கு அது என்னவென்று தெரியும். சின்ன வயதில் அவர் அப்பா குடித்துவிட்டு வரும்போது, கழற்றிய பெல்ட்டின் கொக்கி சுவரில் இப்படித்தான் இடிக்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், வேலை முடிந்து வந்த சம்சாரம் அந்த உருண்டைகளைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். துளைகளில் ஒவ்வொன்றாக விரலை விட்டுப் பார்த்தார். 

"ஏங்க, இதை ஏன் அடைக்கிறீங்க?"

"கடைக்காரர் அடைக்கச் சொன்னார்."

"நான் தெனம் முந்நூறு பெட்டியில ஓட்டை போடறேன். எதுக்குன்னு தெரியுமா? உள்ள இருக்கற குஞ்சு சாவக்கூடாதுன்னு. இதே உயரம். இதே அளவு." பெட்டியைத் தொடாமல் எட்டி நின்றார். "இதுக்கு உள்ள தாழ்ப்பாள் இருந்துச்சா?"

அவர் குனிந்து உருண்டைகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"இருந்துச்சான்னு கேக்கறேன்."

"இருந்துச்சு."

"உள்ள இருந்து போட்டுக்கற மாதிரியா?"

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. யாரோ ஒருத்தர், ஒரு தாயோ அக்காவோ, மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து, சிராய் குத்தாமல் துளை இழைத்து, திருகாணி நுனியை ராவி, சின்னக் கைக்கு எட்டுகிற இடத்தில் அதை வைத்திருக்கிறார்கள். வெளியே அந்தச் சத்தம் கேட்டதும் உள்ளே போய்ப் போட்டுக்கொள்வதற்கு. குமிழ் தேய்கிற அளவுக்கு, எத்தனை ராத்திரி...

அதைத்தான் அவர் பிடுங்கிப் போட்டார்.

இரும்பு எடுக்கிறவரிடம் ஓடினார். "அதெல்லாம் நேத்தே உருக்கப் போயிருச்சு. ஒரு தாழ்ப்பாளுக்கா இப்படி மூச்சு வாங்க ஓடியாந்தே?" என்று அவர் சிரித்தார். பெட்டிக்காரர் கடையில் புதுத் தாழ்ப்பாள் ஒன்று வாங்கினார். மெல்லிய தகரம், அதுதான் இருந்தது. பெட்டிக்குள் அதே இடத்தில், அதே நாலு ஓட்டையில் முடுக்கினார். துளைகளைத் திறந்துவிட்டார். வெளிப் பூட்டையும் திறந்தே வைத்தார். ராத்திரி கொட்டகையில் ஒரு விளக்கோடு உட்கார்ந்தார். சம்சாரம் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒன்றே கால்.

டிங்...

கொட்டகைத் தகரத்தில். வெளிப்பக்கம். டிங்... ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்கு. நனைந்த தோல், பழைய புகையிலை. கதவு திறக்கவில்லை. ஆனால் சத்தம் இப்போது உள்ளே.

விளக்கு சுருங்கியது. அணையவில்லை, சுருங்கியது.

பெட்டிக்குள்ளிருந்து ஒரு மெல்லிய ஒலி... சரக். புதுத் தாழ்ப்பாளை யாரோ போட்டுக்கொண்டார்கள்.

முதல் அடி மூடியில் விழுந்தது. தாழ்ப்பாள் தாங்கியது. ரெண்டாவது அடி. தாங்கியது. பெட்டிக்காரரால் அசைய முடியவில்லை. நாற்பத்தெட்டு வயது ஆள், நூறு கிலோ தூக்கின தோள், சுவரோரமாகக் குந்திக்கொண்டு தலையைக் கையால் மூடிக்கொண்டிருந்தார். ஏழு வயதில் அவர் குந்தியிருந்தது போலவே.

மூன்றாவது அடியில் தகரம் பிய்ந்தது. திருகாணிகள் தரையில் விழுந்தன. ஒன்று... ரெண்டு... மூன்று... நாலு. மூடி மெதுவாகத் திறந்தது.

அந்த நேரத்தில், சில்லென்று, அவர் முதுகில் ஏதோ ஏறியது. கழுத்தைச் சுற்றி ரெண்டு சின்னக் கை. பிடி இறுகியது. காதோரம் வேகவேகமாக மூச்சு.

எதிரே இருட்டில் அது நின்றுகொண்டிருந்தது. காலிப் பெட்டியைப் பார்த்தது. தேடியது. வெகுநேரம் தேடியது. பிறகு... டிங்... டிங்... வந்த வழியே போனது.

தராசுக்காரர் முகம் கழுவ எழுந்து போன இடம் இதுதான்.

விடிந்ததும் பெட்டிக்காரர் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். இருபத்திரண்டு கிலோ. தெளிவாக. துளைகளையும் திருகாணி ஓட்டைகளையும் மறுபடி அடைத்தார்; இந்தத் தடவை எதுவும் வெளியே வரவில்லை.

கடைக்காரர் வந்தார், தட்டிப் பார்த்தார், குறை சொல்ல ஒன்றும் கிடைக்காத கோபத்தில் எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரமே ஒரு வெளியூர் ஆள் அதை வாங்கிக் காரில் ஏற்றிவிட்டான். பெட்டிக்காரருக்கு ஸ்டூல் கிடைத்தது. ஆனால் அதில் அவரால் உட்கார முடியவில்லை. "முதுகை நிமித்துய்யா, மூட்டையை இன்னும் எறக்கி வைக்கலயா நீ?" என்று கடைக்காரர் கத்துவார். பத்தாம் நாள் அவரே எழுந்து வந்துவிட்டார்.

அவர் எடை எப்போதும் அறுபத்தொன்று. மச்சானிடம் வந்து தராசில் ஏறி நின்றார். முள் எழுபத்தொன்பதில் நின்றது. இறங்கி, மறுபடி ஏறினார். எழுபத்தொன்பது. முள்ளைப் பார்த்த தராசுக்காரர் பொய் சொல்கிறவர் இல்லை. நீங்கள் இப்போது சாய்ந்து உட்கார்ந்திருக்கிறீர்களே, இதே தராசுதான்.

தராசுக்காரருடைய அக்கா இப்போது வேறு அறையில் படுக்கிறார். "அவர் தூங்கறப்ப ரெண்டு மூச்சு கேக்குதுடா" என்று தம்பியிடம் ஒரே ஒரு முறை சொன்னார். சில ராத்திரிகளில், ஒன்றே கால் மணி வாக்கில், பெட்டிக்காரர் தூக்கத்திலேயே கழுத்தைப் பிடித்துக்கொண்டு திணறுகிறாராம். தெருமுனையில் சத்தம் கேட்டால்தான் அந்தப் பிடி அப்படி இறுகும் என்று அவரே சொல்கிறார்.

பகலில் ஒவ்வொரு பழைய இரும்புக் கடையாக ஏறி இறங்குகிறார். குனிந்தபடி, குவியலைக் கையால் கிளறிக்கொண்டு. எத்தனையோ தாழ்ப்பாள் வாங்கிப் பார்த்துவிட்டார், நல்ல கனமானதாக. ராத்திரி தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுத்தால், காலையில் அது அறைக்கு வெளியே கிடக்கும். வேறு எதையும் அந்தச் சின்னக் கை வாங்கிக்கொள்வதில்லை.

கையால் அடித்த இரும்புத் தாழ்ப்பாள் ஒன்று, நுனி ராவிய திருகாணி நாலு. அவர் அந்தக் குழந்தைக்குத் தரவேண்டிய பாக்கி அவ்வளவுதான். இன்னும் தரவில்லை.