மிக்கேல் சம்மனசின் கை

“சம்மனசு கையே ஒடஞ்சு போச்சு ஆத்தா.”

தேவாரம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இருந்த அம்மா சொன்னார். அவர் மடியில் சேலைத்துணியில் சுற்றிய நீளமான ஒன்று குறுக்கே கிடந்தது. அது இடித்ததால்தான் பக்கத்தில் இருந்த பெண் என்னவென்று கேட்டிருந்தார்.

“எந்தச் சம்மனசுக்கா?”

“எம் பொறந்த ஊருக் கோயில்ல, றெக்கையோட நிப்பாகள்ல, மிக்கேல் சம்மனசு. இது வாளு. வெள்ளைக்கார நாட்டுல அந்தக் காலத்துல வச்சிருந்த மாதிரியே செஞ்சது, மொன்னைதேன். எம்மகன் ஆன்லைன்ல வாங்குனது. வருசா வருசம் ஏசு பாடுபடுற பாஸ்கா நாடகத்துல ரோமைச் சேவகனா இதத்தேன் தூக்கிட்டு நிப்பான்.”

“இப்ப என்ன பண்றாப்ல?”

“போன மழையில பைக் சறுக்கி செத்துட்டான்.”

பேருந்து இரண்டு நிறுத்தங்கள் தாண்டியது.

“சம்மனசோட தகர வாளு துருவேறிக் கெடந்துச்சு. இதக் கட்டிவிட்டா, திருநாளைக்கு எம்மகன் வாளு தேர்ல ஊரச் சுத்துமேன்னு குடுத்தேன். கட்டிப் பாத்தாக. சம்மனசு கை மணிக்கட்டோட விழுந்துருச்சு.”

“அய்யய்யோ! சாமியார் வஞ்சாகளா?”

“இல்லத்தா. சுண்ணாம்புச் செலை தாங்காதும்மா, வீட்டுக்கே கொண்டு போங்கன்னு சொன்னாக.”

பக்கத்துப் பெண் பொதியை இரு கைகளாலும் தூக்கிப் பார்த்தார்.

“கனமாத்தேன் இருக்கு.”

“எம்புள்ள ஒத்தக் கையில சுத்துவான்,” என்று அம்மா அதைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.