நல்லா வச்சிருக்கற வண்டி

...அய்யய்யோ, செருப்போட ஏறாதீங்க தம்பி! கழட்டுங்க, கழட்டுங்க. அங்க விடாதீங்க, கதவு இடிக்கும்... அந்த ஓரமா. ஆங். நான் சொல்லலப்பா, எனக்கென்ன வந்துச்சு, எங்க வீட்டுக்காரர் போட்ட சட்டம். வீட்டுக்குள்ளகூட சில நேரம் மறந்துபோய் செருப்போட வந்து நிப்பாரு. வண்டிக்குள்ள? தலையே போனாலும் மாட்டாரு.

உக்காருங்க. சீட்டுல என்ன சரசரங்குதுன்னு பாக்குறீங்களா? பிளாஸ்டிக் கவர். ஷோரூம்ல இருந்து வந்தப்ப போட்டிருந்த அதே கவர். அது கிழியக்கூடாதுன்னு மேல ஒரு துண்டு. துண்டு அழுக்காகக்கூடாதுன்னு அதுக்கு மேல பழைய பெட்ஷீட். இந்த வண்டியோட சீட்டு என்ன கலர்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது தம்பி. நீங்க சிரிக்கிறீங்க. நான் அது மேல இருபது வருஷமா... உக்காந்திருக்கேன்னு சொல்ல வந்தேன், எங்க உக்காந்தேன்?

என்ன கேட்டீங்க? இன்னும் எவ்வளவு நாள் வரும்னா?

இதேதான், இதே கேள்வியத்தான் வண்டி வாங்க வர்றவங்க எல்லாரும் கேக்குறாங்க. அவர்கிட்ட கேட்டீங்கன்னா நாற்காலி போட்டு உக்காந்து பாடமே எடுப்பாரு. "பெரிய வண்டி, டீசல் இஞ்சின், ஆயில நேரத்துக்கு மாத்தி, கூலன்ட்ட மாத்தி, பெல்ட்ட மாத்தி, அடியில துரு புடிக்காம பாத்துக்கிட்டா மூணு லட்சம் கிலோமீட்டர் கண்ண மூடிக்கிட்டு ஓடும்"பாரு. ஓடும்தான். நான் இல்லைங்கல. மீட்டரப் பாருங்க. எவ்வளவு காட்டுது? பாத்தீங்களா, பக்கத்து வீட்டுப் பையன் போன வருஷம் வாங்கின வண்டி இதவிட அதிகமா ஓடியிருக்கு. இவரு ஓட்டுற ஓட்டத்துக்கு மூணு லட்சம் வரணும்னா, இங்க இருக்கற நம்ம எல்லாரும் போய்ச் சேந்து, நம்ம பேரப்பிள்ளைங்களும் கிழவங்களாகி... வேணாம் விடுங்க. நல்ல நாளும் அதுவுமா எதுக்கு.

அவரு என்ன வேலை பாத்தாருன்னு கேக்கலையே நீங்க? பம்பு செய்யுற ஃபேக்டரில ஸ்டோர் கீப்பர். அதச் சொன்னாத்தான் உங்களுக்கு இந்த வண்டி புரியும். பேரிங் வேணும்னு ஒருத்தர் போயி ஸ்டோர்ல நின்னா, "எதுக்கு"ம்பாரு. "மெஷின்ல மாட்ட"ம்பாங்க. "மாட்டினா தேஞ்சுபோயிருமே"ம்பாரு. தமாஷு இல்ல தம்பி, நெஜமாவே அப்படித்தான் சொல்வாராம். ரிட்டையர் ஆன அன்னிக்கு மேனேஜர் மேடையேறி, "நம்ம ஸ்டோர் இன்னிக்கு இருக்கற மாதிரி என்னிக்கும் நிறைஞ்சு இருந்ததில்ல"ன்னாரு. எல்லாரும் கை தட்டினாங்க. இவரு கண்ணு கலங்கிட்டாரு. அது பாராட்டா, நக்கலான்னு எனக்கு இன்னிவரைக்கும் விளங்கல.

அந்த மனுஷன் கையில ஒரு வண்டியக் குடுத்தா என்ன ஆகும்? அதான் ஆச்சு.

மழை பெஞ்சா எடுக்கமாட்டாரு, துரு புடிச்சுரும். வெயில் அடிச்சா எடுக்கமாட்டாரு, பெயின்ட் வெளுத்துரும். ரெண்டும் இல்லாத நாள் ஒண்ணு வரும் பாருங்க, அன்னிக்குக் காத்து. தூசி படியும்பாரு. மார்க்கெட்டுக்குப் போலாமான்னா, "இவ்வளவு கிட்டக்க போனா இஞ்சின் சூடே ஏறாது, அது கெடுதல்"பாரு. சரி, தூரமா எங்கயாவது போலாமான்னா, "சூடு ஏறிரும்"பாரு. சரிப்பா, ரொம்பக் கிட்டவும் வேணாம், ரொம்பத் தூரமும் வேணாம், நடுவுல ஒரு இடம் சொல்லுங்கன்னா, "நடுவுல டிராஃபிக், கிளட்ச் போயிரும்"பாரு. வாரத்துக்கு ஒருநாள் மட்டும் எடுத்து, தெருமுனை வரைக்கும் போயி, டயர ஒரு உருட்டு உருட்டிட்டு, பெத்த புள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டு வந்தவரு மாதிரி மூஞ்ச வச்சுக்கிட்டுத் திரும்பி வருவாரு. அப்புறம் அன்னிக்கு முழுக்கத் தொடைப்பாரு. வந்த தூரத்தவிடத் தொடைச்ச தூரம் அதிகம்.

இவ்வளவு பாத்துக்கிட்டா எதுவும் கெடக்கூடாதுல்ல? அதான் கூத்து. கெடுது! நின்னுக்கிட்டே கெடுது. டயர் தேயவே இல்ல, ஆனா வெடிச்சுப் போச்சு. பேட்டரி செத்துப்போச்சு. ரப்பர் பொருளெல்லாம் காஞ்சு பிளந்துடுச்சு. "சார், வண்டி ஓடி ஓடிக் கெடறது ஒரு வகை. நின்னு நின்னு கெடறது இன்னொரு வகை. நீங்க மாசம் ஒரு தடவையாவது நல்லா தூரமா ஓட்டுங்க, இன்னும் ரொம்ப வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு மெக்கானிக் சொன்னாரு. இவரு என்ன பண்ணாரு தெரியுமா? மெக்கானிக்க மாத்திட்டாரு.

இருங்க, கண்ணாடிய இறக்காதீங்க! அது இறங்கும்... ஏறும்னு சொல்ல முடியாது. இல்லல்ல, ரிப்பேர் இல்ல. அதிகமா ஏத்தி இறக்கக்கூடாதுன்னு வச்சிருக்காரு.

எங்க விட்டேன்... ஆங், என் பொண்ணு பிரசவம். சொல்லலையா? அவளுக்கு வலி எடுத்துருச்சு. வீட்ல இவ்வளவு பெரிய வண்டி நிக்குது. இவரு அன்னிக்குச் சாயங்காலம்தான் இஞ்சின் ஆயில முழுசா வடிச்சு வச்சிருக்காரு. புது ஆயில் அடுத்த நாள்தான் ஊத்துவாராம், பழசு சொட்டுச் சொட்டா முழுக்க இறங்கணுமாம். பொண்ணு கத்துறா, நான் கத்துறேன். கடைசில பக்கத்து வீட்டுக்காரர் அவரோட குட்டிக் கார எடுத்துக்கிட்டு ஓடி வந்தாரு. நாங்க மூணு பேரும் அதுக்குள்ள மடங்கி உக்காந்து போனோம். ஆஸ்பத்திரி வாசல்ல இறங்கி, பொண்ண உள்ள கூட்டிட்டுப் போறாங்க, இவரு பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட குனிஞ்சு சொல்றாரு, "உங்க வண்டில பிரேக் புடிக்கும்போது ஒரு சத்தம் வருது, கொஞ்சம் கவனிங்க." எனக்கு அப்படியே பூமி பிளந்து உள்ள போயிரலாம்போல இருந்துச்சு.

டாக்ஸில போலாமேன்னு நீங்க நினைக்கலாம். நானும் நினைச்சேன். "வீட்ல வண்டிய வச்சுக்கிட்டு டாக்ஸிலயா? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க"ம்பாரு. இதுதான் தம்பி என் நிலைமை. வண்டி இல்லாதவங்க எல்லாம் ஊரு ஊரா சுத்துறாங்க. வண்டி இருக்கற ஒரே காரணத்தால நான் வீட்ட விட்டு அசைய முடியல. எங்க அக்கா வீடு அந்தா, மலை மேல இருக்கு. மாடில நின்னா மலை தெரியும். பஸ்ஸு அடிவாரத்தோட நின்னுரும், மீதி ஏத்தத்த நடக்க எனக்கு முட்டி ஒத்துழைக்காது. அக்கா கேட்டுக்கிட்டே இருப்பா, எப்ப வர்றேன்னு. வண்டி ரெடியானதும் வரேம்பேன். வண்டி என்னிக்கு ரெடியா இல்லாம இருந்துச்சு? அது எப்பவுமே ரெடி. அவருதான் ரெடி இல்ல. "அந்த ஏத்தத்துல இஞ்சினுக்கு மூச்சு வாங்கும்"பாரு. இஞ்சினுக்கு மூச்சு வாங்குமாம்! நான் மாடிப்படி ஏறி நின்னா யாருக்கு மூச்சு வாங்குதுன்னு திரும்பிக்கூடப் பாக்கமாட்டாரு.

ஓட்டிப் பாக்கணுமா? பாருங்க, பாருங்க, அதான முறை! ஓட்டிப் பாக்காம யாராவது வண்டி வாங்குவாங்களா? சாவி என்கிட்டதான் இருக்கு. இந்தாங்க. நான் பின்னாடி ஏறிக்கறேன். இந்தப் பையக் கொஞ்சம் அப்படி நகத்துங்க... ஒண்ணுமில்ல, ரெண்டு புடவை, ஃபிளாஸ்க்கு, அக்காவுக்கு ஒரு ஸ்வெட்டர். ஓட்டிப் பாக்கறப்ப தாகம் எடுத்தா? கையில ஃபிளாஸ்க் இருந்தா நல்லதுதான.

தெருவ ஒரு சுத்து சுத்தினா போதுமா? என்ன தம்பி நீங்க, படிச்சவரா இருக்கீங்க. சமதரைல கட்டை வண்டியும் நல்லாத்தான் ஓடும். இஞ்சினோட யோக்கியதைய மேட்டுல ஏத்தித்தான் பாக்கணும். வளைவு வளைவா, நல்லா செங்குத்தா... இங்க பக்கத்துலயே இருக்கு ஒரு மலை.

இதுக்கு முன்னாடி வந்தவங்களா? வந்தாங்க, வந்தாங்க. ஒரு வாத்தியார். பெட்ரோல் பங்க் வரைக்கும் போயிட்டு, "எனக்குப் புடிச்சிருக்கு, திரும்பிரலாம்"னுட்டாரு. எனக்குன்னு வந்து வாய்ச்சாரு பாருங்க. அப்புறம் ஒரு கான்ட்ராக்டர், அவரு பரவால்ல, அடிவாரம் வரைக்கும் போனாரு. அங்க ஒரு போன் வந்துச்சு, திருப்பிட்டாரு. அந்த வாரம் எங்க வீட்டுக்காரர் தூங்கவே இல்ல. மீட்டர்ல எப்படி கூடுச்சுன்னு தலையப் பிச்சுக்கிட்டாரு. மீட்டர் தப்பாக் காட்டுதுன்னு முடிவு பண்ணி, அதையே கழட்டிச் சுத்தம் பண்ணி மாட்டினாரு. வண்டி ஓடியிருக்கும்னு மட்டும் அந்த மனுஷனுக்குத் தோணவே இல்ல!

அவரா? பல்லு புடுங்கப் போயிருக்காரு. பஸ்லதான், வேற எதுல. வண்டியோட ஒவ்வொரு போல்ட்டையும் எண்ணெய் போட்டுத் தொடைச்ச மனுஷன், சொந்தப் பல்லத் தேய்க்கறதுல கோட்டை விட்டுட்டாரு. சீக்கிரம் வரமாட்டாரு, நீங்க நிதானமா... கிளட்ச்ச அழுத்திக்கங்க... அய்யோ.

அந்தா, வாசல் கேட்டுக்கிட்ட. கன்னத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கறாரு பாருங்க, அவருதான். ஸ்டார்ட் பண்ணுங்க தம்பி, அவரப் பாக்காதீங்க, ஸ்டார்ட் பண்ணுங்க! ஏன் கைய எடுத்துட்டீங்க? அவருக்குத் தெரியுமாவா? எது, விக்கறதா? தெரியாது. விக்கப்போறதே இல்லையே, அப்புறம் அவருக்கு எதுக்குத் தெரியணும்? ...கோச்சுக்காதீங்க தம்பி. விளம்பரம் நான்தான் போன்ல போட்டேன். வாங்க வர்றவங்க ஓட்டிப் பாப்பாங்கல்ல, அப்படியே மேல வரைக்கும்... என்ன, போன் வருதா? எனக்குச் சத்தமே கேக்கலையே. சரி பேசுங்க. இங்கயே பேசலாமே, ஏன் கேட்டத் தாண்டிப் போறீங்க? தம்பி! பைக்க ஏன் எடுக்கறீங்க? தம்பி...

போயிட்டாரு.

வாங்க. என்ன அப்படிப் பாக்கறீங்க? வாயில பஞ்சு வச்சிருக்காங்களா? நல்லதாப் போச்சு. இன்னிக்கு நான் பேசறேன், நீங்க கேளுங்க. ஆமா, உங்க சீட்டுல ஒருத்தர உக்கார வச்சேன். ஆமா, ஸ்டியரிங்க தொட்டாரு. இதுக்கு முன்னாடி ரெண்டு பேரு ஓட்டவும் ஓட்டினாங்க. உங்க மீட்டர் ஒழுங்காத்தான் இருந்துச்சு. கைய ஆட்டாதீங்க, எனக்கு ஒண்ணும் விளங்கல. நான் இறங்கமாட்டேன்.

நேத்து அக்காவுக்குப் போன் பண்ணேன். அவ பையன் போன அவ காதுல வச்சான். நான், "அக்கா, நான்தான்"னேன். அவ, "நீங்க யாரு பேசுறது"ன்னா. நீங்க யாருன்னா என்னைய! தலை பின்னி விட்டவ, சோறு ஊட்டி வளத்தவ, என்னைய நீங்கன்னு கூப்பிடறா. அவ பையன் சொல்றான், "சில நாள் நல்லா இருக்காங்க சித்தி, நேர்ல முகத்தப் பாத்தா தெரியும். சீக்கிரம் வாங்க"ங்கறான். அதை உங்ககிட்ட எப்படிச் சொல்றது? சொன்னா நீங்க கூலன்ட் பாக்கணும்பீங்க. இந்த வண்டி எத்தனை வருஷம் வரும்னு இருபது வருஷமாக் கணக்குப் போட்டீங்களே, அவ இன்னும் எத்தனை நாள் வருவான்னு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டீங்களா? நான் எவ்வளவு நாள் வருவேன்? நீங்க? பல்லு இப்பவே கழண்டாச்சு.

இல்ல, அழல. கண்ணுல தூசி. உங்க வண்டில ஏது தூசி, சரி, அழறேன்தான்.

என்ன? எதுக்குக் கைய நீட்டறீங்க? சாவி அதுலயேதான் இருக்கு, அந்தத் தம்பி விட்டுட்டுப் போயிட்டாரு... பானட்டத் திறக்காதீங்க. சொல்லிட்டேன், ஆயில் குச்சிய உருவினீங்கன்னா நான் நடந்தே போயிருவேன். டயரையும் பாக்க வேணாம். ...ஏறிட்டீங்களா? வலி ரொம்ப இருக்கா? ஓட்டிருவீங்களா? வேற யாரும் கை வைக்கக்கூடாதுன்னு ஏறினீங்களோ, எனக்காக ஏறினீங்களோ, எனக்குத் தெரிய வேணாம். மேல வரைக்கும் போகணும், அடிவாரத்தோட இல்ல. தலைய ஆட்டறது ஆமாவா, இல்லையா? ஆமாதான?

அட, ஸ்டார்ட்டே பண்ணிட்டீங்க! ஏன் பக்கத்து சீட்டத் தட்டறீங்க? முன்னாடி வரணுமா? இருங்க, முட்டி புடிக்குது, மெதுவாத்தான் இறங்கணும்... பையும் வேற இருக்கு... இந்தா வந்துட்டேன்... இஞ்சின அணைச்சுராதீங்க, வரேன்!