கூட்டுனா வேகமாப் போவும்

ஐயோ தொர, அந்த வட்டத்து மேல மிதிக்காதீங்க, பெயிண்ட் நேத்துதான் அடிச்சோம். கோலம் இல்ல தொர, ஹால் நடுவுல யாரு கோலம் போடுவா? அது வீடு. இங்கிலீஷ்ல ஹவுஸுன்னுதான் சொல்றானுங்க, ஏன்னு கேட்டா எனக்கும் தெரியாது. இப்படி செவுத்தோரமா வாங்க. டேப்ப எங்க வேணாலும் வச்சி அளங்க, நான் ஒன்னும் தடுக்கல. உர மூட்டை அடுக்க எடம் பாக்க வந்திருக்கீங்கன்னு ஆபீஸ் கிராணி காலைலயே சொல்லிட்டாரு. அளக்கறதுக்கு முன்னால இந்தத் தேத்தண்ணியக் குடிங்க. மருந்தெல்லாம் ஒன்னும் வைக்கல, குடிங்க லா.

என் பேரு ரஞ்சிதம். தேயிலக் கொழுந்து வெட்டுற மெஷின்ல ஒரு பக்கம் நான் புடிப்பேன், நாளைக்கு மலையில பாப்பீங்க. சாயங்காலம் ஆனா இந்த கிளப்புக்கு நான்தான் ஸ்கிப்பு. கேப்டன் மாதிரி. என்ன கிளப்பா? வாசல்ல போர்டு பாக்கலையா தொர, கர்லிங் கிளப்பு. சிரிங்க, பரவால்ல. எல்லாரும் மொதல்ல சிரிச்சவங்கதான். பிரிஞ்சாங் டவுன்ல சாப்பாட்டுக் கடை வச்சிருக்காரே ஹாஜா மைதீன், அவரு கேட்டாரு, கேமரன் மலையில குளுரு இருக்கும்மா, ஆனா ஐஸு என் கடை ஐஸ் கச்சாங்லதானே இருக்குன்னு. இப்ப அவருதான் பிரிஞ்சாங் டீமுக்கு ஸ்கிப்பு. அவரு சம்சாரம் மஜீதா கல்லு விட்டா தள்ளி நிக்கணும், அப்படி ஒரு வேகம்.

எப்படி ஆரம்பிச்சதுன்னா, பேக்டரி மெக்கானிக்கு ஜெகதீஸ்வரன் ஹாண்ட்போன்ல காட்டினான். வெள்ளக்காரங்க ஒரு கல்லத் தள்ளி விடுறாங்க, ரெண்டு பேரு அதுக்கு முன்னால ஓடி ஓடி தரையக் கூட்டுறாங்க. வட்டத்து நடுவுக்கு யாரு கல்லு கிட்ட வருதோ அவங்க ஜெயிச்சாங்க. நான் சொன்னேன், டேய், இதத்தானே நான் காலைல எந்திரிச்சதுலேர்ந்து பண்றேன், எனக்கு யாரு கப்பு குடுத்தா? அவன் விடல. பிளாஸ்டிக் பேசின்ல சிமெண்ட ஊத்தினான், மேல பழைய கெட்டில் புடிய வச்சான். பேசினோட விட்டாத்தான் வழுக்கும். ஐஸுக்கு பதிலா தரைல சவுக்காரத் தண்ணி. கல்லுக்கு முன்னால வெளக்கமாத்தால நொரையக் கூட்டிக்கிட்டே போனா கல்லு இன்னும் கொஞ்சம் தூரம் போவும். அவ்வளவுதான் வெளையாட்டு.

போன தீபாவளிக்கு நாங்க நாலே பேரு. அதுல ஒருத்தி திலகா, அவ பொறணி பேச வந்தவ. இப்ப வந்து பாருங்க! வேலைக்கு வந்திருக்கிற பங்களாதேஷ் பசங்க ஒரு டீமு, ஸ்கூல் பிள்ளைங்க ஒரு டீமு, கோலா தெர்லா தோட்டக்காரங்க ஒரு டீமு. ஞாயித்துக்கெழம நீங்க நிக்கக்கூட எடம் இருக்காது.

திரிங்காப் டீமு சேந்த கதைய கேட்டீங்கன்னா அளக்கறத மறந்துடுவீங்க. நாலு எடத்துக்குப் போயி ஆட்டத்தக் காட்டுவோம், ஆளு சேரும்னு ஜெகதீஸ்வரன் சொன்னான். சரின்னு மரக்கறி லோரி ஒன்னுல கல்லையெல்லாம் ஏத்திக்கிட்டு மழையில கெளம்பினோம். திரிங்காப் ஏத்தத்துல பின்கதவு தொறந்துக்கிச்சு. ஒரு கல்லு பொத்துன்னு ரோட்டுல விழுந்து, பேசினோட, ஈர ரோட்டுல, சர்ருன்னு எறங்குது! லோரிய நிறுத்தி எல்லாரும் குதிச்சோம். குதிச்சவங்க என்ன பண்ணணும்? கல்லப் புடிக்கணும். இவனுங்க என்ன பண்ணானுங்க? கையில வெளக்கமாறு இருந்துச்சா, பழக்க தோசம், கல்லுக்கு முன்னால ஓடிப் போயி ரோட்ட கூட்டுறானுங்க தொர! அடேய் கூட்டாதீங்கடா, கூட்டுனா வேகமாப் போவும்டான்னு நான் தொண்ட கிழிய கத்துறேன். ஒருத்தன் காதுலயும் விழல. ரெண்டு காடிக்காரன் பிரேக் போட்டு வேடிக்க பாக்குறான்.

கல்லு வளவுல திரும்பாம நேரா ஒரு சீன தவுக்கே, மரக்கறித் தோட்ட மொதலாளி, அவரு கொட்டாய்க்குள்ள பூந்து, அடுக்கி வச்சிருந்த முட்டகோசுல போயி நின்னுச்சு. தவுக்கே வெளிய வந்தாரு. நனைஞ்சு போயி, கையில வெளக்கமாத்தோட ஆறு பேரு. செத்தோம்னு நெனச்சேன். மனுசன் கல்லப் பாத்தாரு, எங்களப் பாத்தாரு, இன்னொரு வாட்டி பண்ணிக் காட்டுன்னாரு. அடுத்த வாரம் ஆளுங்களோட வந்துட்டாரு. வர்றப்ப முட்டகோசு வேற.

எங்க டீமுல கூட்டுறது யாருன்னா ஜெகதீஸ்வரனும் எங்க வீட்டுக்காரரும். அவரு லோரி டிரைவர், அதிகம் பேச மாட்டாரு. வெளக்கமாத்த கல்யாணம் ஆன நாள்லேர்ந்து தொட்டதில்ல. சும்மா ஹாண்ட்போன நோண்டிக்கிட்டு செவுத்தோரமா உக்காந்திருந்தவர, ஒரு நாள் ஆளு கொறஞ்சதுன்னு ஜெகதீஸ்வரன் இழுத்து விட்டுட்டான். கூட்டுனாரு பாருங்க! இப்ப இந்த ஹால்ல அவருக்கு மிஞ்சி ஆளில்ல. வீட்டுல இன்னும் நான்தான் கூட்டுறேன், அது வேற விசயம்.

ஆனா ஸ்கிப்பு பேரு சொல்லிக் கத்தணும், அப்பதான் யாரு கூட்டணும்னு தெரியும். அவரு பேர நான் எப்படி தொர சொல்றது? எங்கம்மா கேட்டா நாக்கறுத்துடும். அதனால ஏங்க, கூட்டுங்கன்னு ஒரு கத்து கத்தினேன். அவரு மட்டுமா குனிஞ்சாரு? ஆட வந்த கோலா தெர்லாக்காரங்க, வேடிக்க பாத்தவங்க, கல்யாணம் ஆன ஆம்பள அத்தன பேரும் கையில கெடச்சத எடுத்துக் கூட்டிட்டாங்க. எங்க கல்லு பறந்து போயி இடிச்சதுல, எதிரி கல்ல எதிரியே வெளிய தள்ளிட்டான். நாங்க ஜெயிச்சோம். இப்பக்கூட பங்களாதேஷ் பசங்க என்னையப் பாத்தா ஏங்க, ஏங்கன்னுதான் கூப்புடுறானுங்க.

இல்ல தொர, இந்த ஹால எங்களுக்கே விடுங்கன்னு வெளையாட்டுக்காக மட்டும் கேக்கல. பிள்ளைங்க கெட்டுப் போவாம இருக்கும், ஊரு ஒத்துமை, அதெல்லாம் ஜெகதீஸ்வரன் உங்க ஆபீஸ்ல வந்து அழகாப் பேசுவான். எனக்கு அப்படிப் பேச வராது. என் காரணம் சின்னது. சொன்னா தேத்தண்ணி புரை ஏறக் கூடாது.

எங்க வீட்டுக்காரரு என்கிட்ட பேசறது இந்த ஹாலுக்குள்ள மட்டும்தான்.

ஆமா தொர. எங்க மூத்த மக யுவனேஸ்வரி கல்யாணத்துல இவரு அக்காவ ரெண்டாவது பந்தியில உக்கார வச்சிட்டேனாம். நானா வச்சேன்? மொதல் பந்தி நெறைஞ்சிடுச்சு. அன்னைக்கு மூடுன வாயி. அந்தப் பொண்ணுக்கு இப்ப ஒரு பையன், ரெண்டாம் வகுப்பு படிக்கிறான். வீட்டுல சோறு போட்டா சாப்புடுவாரு, கொழம்பு வேணும்னா தட்ட நகத்துவாரு. டிவிதான் பேசும். நானும் மானத்த விட்டுப் பேசல. ஆனா இங்க வந்தா பேசித்தானே ஆவணும், கல்லு ஓடுதே! நிறுத்தவா, கூட்டவா, எடது பக்கமா போவுதேன்னு கேக்குறாரு. எல்லார் முன்னாலயும் என்னையக் கேக்குறாரு. மத்தவங்க ஜெயிக்க வர்றாங்க தொர, நான் அதக் கேக்கத்தான் வர்றேன்.

முந்தாநாளு அடுப்படியில நிக்கிறேன். பின்னால வந்து, முட்டி இன்னும் வலிக்குதான்னாரு. வீட்டுக்குள்ள! எனக்கு கரண்டி கைநழுவிடுச்சு. வலிக்குதுன்னேன். தைலத்த எடுத்து மேசையில வச்சிட்டு போயிட்டாரு. அவ்வளவுதான் பேச்சு. ராத்திரி பூரா நான் தூங்கல, சந்தோசத்துல.

உரம் அடுக்க வேணாம்னு நான் சொல்லல தொர. கொம்பெனி ஹாலு, கொம்பெனி உரம். ஆனா வீட்டுல இப்பத்தான் ஒரு வார்த்த வந்திருக்கு, இன்னும் பழகல. ஒரு மூணு நாலு மாசம் விடுங்க. அப்புறம் எத்தன மூட்டை வேணாலும் கொண்டாங்க, நாங்க ரெண்டு பேரும் வந்து எறக்கிக் குடுக்குறோம்.