ஹாண்டிலைத் திருப்பினால் அணையும் மீட்டர் லைட்

என் பெயர் முத்தப்பன் தண்டாயுதபாணி. வயது நாற்பத்திரண்டு. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் என் மனைவி மெய்யம்மையுடன் வசிக்கிறேன். புறக்கோட்டையில் மாமனாரின் மொத்தப் பலசரக்குக் கடைக்காக ஊரெல்லாம் அலைந்து ஓர்டர் எடுப்பது என் வேலை. 2007 ஒக்டோபர் மாதம் பதினோராம் திகதியாகிய இன்று நான் சொல்வதை சார்ஜன் பாலசுந்தரம் தமிழில் எழுதிக்கொள்கிறார்.

என் மோட்டார் சைக்கிளில் வேகத்தையும் பெற்றோலையும் காட்டுவது ஒரு டிஜிட்டல் மீட்டர். அதற்குள் செம்மஞ்சள் நிறத்தில் சிறிய லைட் எரிந்தால்தான் இருட்டில் எண்கள் தெரியும். சென்ற மாதக் கடைசியில் இருந்து அந்த லைட் ஹாண்டிலை இடப்பக்கம் திருப்பினால் அணைவதும் நேராக்கினால் எரிவதுமாக இருந்தது. கிருலப்பனையில் கராஜ் வைத்திருக்கும் ஸாலிஹிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் பியூஸைப் பார்த்தார், அதன் பின்பு பற்றரியைப் பார்த்தார், அதன் பின்பு மீட்டரைச் சுற்றியிருக்கும் முன் மூடியைக் கழற்றிவிட்டு ஹாண்டிலை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். லைட் அணையவே இல்லை. டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்ட பிள்ளையைப் போல அது ஒழுங்காக எரிந்தது. வயர் உள்ளுக்குள் முறிந்திருக்கலாம் என்று சொல்லி ஒரு துண்டை மாற்றி, கறுப்பு டேப் சுற்றி, மூடியைப் பூட்டித் தந்தார். வீடு வருவதற்குள் மறுபடியும் அணைந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தாலும் பகலில்தானே ஓடுகிறேன் என்று விட்டுவிட்டேன்.

இன்று பிற்பகல் கொச்சிக்கடைக் கடைகளில் ஓர்டர் எடுத்துக்கொண்டு திரும்பும்போது மழை இருட்டிக்கொண்டு வந்தது. சோதனைச் சாவடியில் மறித்தார்கள். அடையாள அட்டையையும் கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவையும் காட்டினேன். அதன் பின்பு வண்டியை ஓரங்கட்டுவதற்காகக் கான்ஸ்டபிள் ஒருவர் ஹாண்டிலைத் திருப்பியபோது மீட்டர் இருண்டது, நேராக்கியபோது எரிந்தது. அவர் மூன்று தடவை திருப்பிப் பார்த்தார். அதன் பின்பு டோர்ச் அடித்துக் கீழே குனிந்தவர் சட்டென்று பின்னுக்குப் போய் எல்லாரையும் விலகச் சொன்னார். மூடிக்குள் கறுப்பு டேப் சுற்றிய வயர்களுக்கு நடுவே விரல் அளவில் ஒரு செப்புக் குழாய் கட்டியிருந்தது. "மேக்க மொக்கத்த?" என்று சிங்களத்தில் கேட்டார். அது என்ன என்றுதான் எனக்கும் தெரியவேண்டியிருந்தது. தெரியாது என்றேன். அப்படிச் சொன்னதால் விஷயம் இன்னும் மோசமாகிவிட்டது.

அதன் பின்பு குண்டு பார்க்கும் பிரிவினர் வந்து, மூடியைக் கழற்றிப் பரிசோதித்து, அது வெடிக்கிற சாமான் இல்லை என்றார்கள். ஆனாலும் என்னையும் வண்டியையும் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பொறுப்பதிகாரி விடவில்லை. குழாய் என்ன, லைட் ஏன் அணைகிறது என்ற இரண்டுக்கும் பதில் தெரியாவிட்டால் என்னை மேல் விசாரணைக்குப் பெரிய இடத்துக்கு அனுப்பவேண்டி வரும் என்றார். எங்கள் ஒழுங்கையில் வேலைக்குப் போன ஒருவர் ஆவணியில் இருந்து வீடு திரும்பவில்லை. அவரைத்தான் நினைத்தேன். எனக்கு மிகவும் பயமாக இருந்தது. வாங்கில் உட்கார்ந்தபடி ஹெல்மெட்டின் பட்டியைப் பூட்டிப் பூட்டிக் கழற்றினேன்.

அதன் பின்பு மெய்யம்மைக்குத் தொலைபேசியில் சொல்ல அனுமதித்தார்கள். அவள் வண்டியின் பத்திரங்களுடன், வழியில் ஸாலிஹையும் ஏற்றிக்கொண்டு முச்சக்கர வண்டியில் வந்தாள். பொலிஸ் முற்றத்தில் ஸாலிஹை ஹாண்டிலைத் திருப்பச் சொன்னார்கள். லைட் அணையவில்லை. பொறுப்பதிகாரியின் முகம் இன்னும் இறுகியது. ஸாலிஹ், மூடியைக் கழற்றினால் வயர் தளர்ந்துவிடும், அதனால்தான் அணையவில்லை என்று சொல்லி, வயரை அதன் கிளிப்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டு திருப்பினார். குழாயைக் கட்டியிருந்த மஞ்சள் நூல் விறைத்தது, நூல் வயரை இழுத்தது, மீட்டருக்குப் பின்னால் லைட்டின் பிளக் அரை விரற்கடை வெளியே வந்தது, லைட் அணைந்தது. நேராக்கியபோது நூல் தளர்ந்து பிளக் தன் இடத்துக்குத் திரும்பியது, லைட் எரிந்தது.

பொறுப்பதிகாரி ஸாலிஹிடம் முன்பே இதைக் காணவில்லையா என்று கேட்டார். ஸாலிஹ் என்னைப் பார்த்துக்கொண்டு, "கண்டேன் அண்ணே. நீங்க கட்டின சாமி சாமான் எண்டு நெனச்சேன். ஒயில் கையால தொடப்படாது எண்டு அப்படியே உட்டுட்டேன். கேக்கவும் வெக்கமா ஈந்திச்சி" என்றார்.

அப்போது மெய்யம்மை, "நான்தாங்க கட்டினேன்" என்றாள். எங்கள் ஒழுங்கைக்காரர் வீடு திரும்பி வராமல் போன பிறகு பூசகரிடம் தாயத்து வாங்கி, அவர் சொன்னபடி வண்டியின் கழுத்துக் குழாயில் மஞ்சள் நூலால் கட்டியதாகவும், ஓடும்போது ஆடிச் சத்தம் போட்டால் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று மிச்ச நூலைப் பக்கத்து வயரில் இறுக்கியதாகவும் சொன்னாள். "சொன்னா சிரிப்பீங்க. நீங்க பத்திரமா வீட்டுக்கு வந்து சேரணும்னுதான் கட்டினேன்" என்று அழுதாள். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தை விட அழுகைதான் கூட வந்தது.

அதன் பின்பு சார்ஜன் நூலை வெட்டக் கத்தி கேட்டார். என்னைப் பிடித்த அதே கான்ஸ்டபிள் வேண்டாம் என்று கையமர்த்தினார். அவருடைய மணிக்கட்டில் புத்த பிக்குகள் காவலுக்காக ஓதிக் கட்டும் பிரித் நூல் இருந்தது. சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் குந்தியிருந்து முடிச்சை நகத்தால் அவிழ்த்து, தாயத்தை இரண்டு கையாலும் மெய்யம்மையிடம் கொடுத்தார். அதன் பின்பு ஸாலிஹ் மூடியைப் பூட்டினார். கான்ஸ்டபிளே ஹாண்டிலை இடப்பக்கம் முட்டத் திருப்பினார். லைட் எரிந்தது. மறுபடியும் திருப்பினார், எரிந்தது. பொறுப்பதிகாரி முதல்முறையாகச் சிரித்து, வாக்குமூலம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றார்.

யார் மீதும் எனக்கு முறைப்பாடு இல்லை. தாயத்து பலித்ததா என்று மெய்யம்மை கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவள் வெளியே ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருக்கிறாள்.

எழுதியதை சார்ஜன் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டவோ குறைக்கவோ ஒன்றும் இல்லை. இதெல்லாம் உண்மை என்று ஒப்பமிட்டு வீட்டுக்குப் புறப்படுகிறேன்.

(ஒப்பம்) மு. தண்டாயுதபாணி