வெள்ளாயணியில் கேட்ட வெடி

டும்...

ஒரே ஒரு வெடி. விடிகாலை மூன்று மணி இருக்கும். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே படுத்திருந்த தங்கையன் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தான். பக்கத்தில் படுத்திருந்த சுமை தூக்கிகள் ஒருவர்கூடப் புரளவில்லை.

நம்ம பகவதிப்பெருமாளின் சித்தப்பாதான் இந்தத் தங்கையன். முப்பத்துநாலாம் வருஷம் நடந்தது... விளக்கைத் தூண்ட வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். சாதாரணத் துப்பாக்கி படீரென்று வெடித்து ஓய்ந்துவிடும். இது கோயில் கதினா வெடி மாதிரி அடிவயிற்றில் இடிக்கிற சத்தம். 'எட்டு போர்' என்று துரைமார் சொல்கிற பெரிய வாத்துத் துப்பாக்கி. கட்டைவிரல் தாராளமாக நுழைகிற இரட்டைக் குழல். ஒரு தோட்டாவுக்கு ஒரு கைப்பிடி ஈய ரவை. அவனுக்குத் தெரிந்து திருவனந்தபுரத்தில் அப்படி ஒன்றுதான் இருந்தது, ஒரு துரையிடம். அதுவும் வெள்ளாயணி ஏரிக்கடியில் போய் ஒரு வருஷம் ஆகிறது.

சாலையில் மூட்டை தூக்க வருவதற்கு முன்னால், அந்தத் துரை வீட்டு விருந்துக்குக் காட்டு வாத்து சுட்டுக் கொடுப்பதுதான் தங்கையன் வேலை. அந்தத் துப்பாக்கியை வள்ளத்தில் உட்கார்ந்து ஒருவன் தூக்கிப் பிடிக்க முடியாது. அதனால் அவன் மனைவி பொன்னம்மை முன்னால் உட்காருவாள். அவள் வலது தோளில் சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் குழலைச் சாய்த்துச் சுடுவான். மூன்று வருஷத்தில் அந்தப் பக்கத்துக் காது செத்துப்போயிற்று.

"போட்டும். இனி நீங்க ஏசினா பாதிதான் கேக்கும்" என்று சிரித்தாள்.

"அப்ப ரெண்டு மடங்கா ஏசணும்" என்றான் அவன்.

போன மார்கழியில் ஒரு நாள்... பெருங்கூட்டமாக வாத்து எழும்பியது. ஆசை. இரண்டு விசையையும் சேர்த்து இழுத்துவிட்டான். வள்ளம் கவிழ்ந்தது. அவன் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அவள் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டாள். தாமரைக் கொடிகளுக்குள் அப்படியே இறங்கிப் போனாள்.

மூன்று நாள் முங்கித் தேடினார்கள். அவளும் இல்லை, துப்பாக்கியும் இல்லை.

"துப்பாக்கிய விடு ஏட்டின்னு தொண்டை கிழியக் கத்தினேன் அத்தே" என்று மாமியார் காலடியில் விழுந்து அழுதான். "அவளுக்குக் கேக்கல்ல. அந்தப் பாழாப்போன காது..."

"நீ என்ன செய்வ மக்கா" என்று அவள் அவன் தலையைத் தடவினாள். அந்தக் கை பட்ட பிறகு அவன் சோறு சரியாகத் தின்றதில்லை. ஒரு எலும்பு கிடைத்தால்கூடப் போதும், கொள்ளி வைத்துவிடலாம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

டும்... மறுபடியும் கேட்டது.

எழுந்து நடந்தான். ஐந்து மைல். கரமனைப் பாலம் தாண்டினால் அப்போதெல்லாம் தென்னந்தோப்பும் இருட்டும்தான். ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. ஏரிக்கரையில் கரிமருந்து வாடை... புதிதாக வெடித்த வாடை. கரையோரம் ஒரு வள்ளம் கயிறு அவிழ்ந்து மிதந்தது.

ஏறித் தள்ளினான். அந்த இடம் வந்ததும் வள்ளம் தானாக நின்றது. தாமரை இலைகள் மெல்ல விலகின... தண்ணீருக்கு மேல் இரண்டு கரிய துளைகள். குழலின் வாய். அதற்குக் கீழே, குழலைச் சுற்றி வளைத்த விரல்கள்.

இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். வரவில்லை. இழுக்க இழுக்கக் கீழே பிடி இறுகியது. வள்ளம் சாய்ந்தது.

"பொன்னம்மே... போதும் ஏட்டி" என்றான். "துப்பாக்கி போனாப் போட்டும். அத விட்டுட்டு நீ வா... வீட்டுக்குப் போவோம்."

கீழே இழுப்பு நின்றது. ஏரி முழுக்க ஒரு சலனமில்லை. அவன் காதோரத்தில் ஈரமான மூச்சு பட்டது. கோபமே இல்லாத, பழகின குரல்.

"அன்னைக்கு, 'துப்பாக்கிய விடாத ஏட்டி'ன்னு நீங்க கத்தினது எனக்கு நல்லாக் கேட்டுது."